எம்.ஜி.பி.யைக் கம்பெனி கண்டிஷனுக்குக் கொண்டுவருவது: எந்தப் பாகம் தேறும், எது தேறாது

சிக்கனமான செலவில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை, ஆலையை விட்டு வெளியே வந்த அன்று இருந்த மாதிரியே திருப்பிக் கட்ட எது தோது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் சொல்லும் பெயர், எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் கார் நிறுவனத்தின் எம்.ஜி.பி. அழகைவிட எண்ணிக்கைதான் அதற்குக் காரணம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி இது. அத்தனை வண்டி ஓடியதால், கதவு ரப்பரிலிருந்து முழு பாடிக்கூடு வரை இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது. 1988-ல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம், பழைய அச்சுகளைக் கொண்டே ரோட்ஸ்டரின், அதாவது மடக்கு ஹூட் வண்டியின், முழு பாடியை மறுபடியும் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தது. வேறு எந்தப் பழைய வண்டிக்காரருக்கும் சுலபத்தில் வாய்க்காத வசதி.

வினையும் அங்கேதான் இருக்கிறது. கிடைக்கிறதே என்று பெட்டி பெட்டியாக வாங்கி மாட்டினால் செலவும் எகிறும், வண்டியும் ஒரிஜினலாக நிற்காது. புதிதாக வரும் பாகங்களில் சில அசலுக்கு நிகர். சிலவற்றை மாட்டிய மாதமே கழற்ற வேண்டும். எங்கள் தீர்ப்பு இதுதான்: காசைத் தகட்டிலும் பிரேக்கிலும் போடுங்கள், மற்ற இடங்களில் வண்டியோடு வந்த பாகத்தையே பழுதுபார்த்து மாட்டுங்கள். ஏன் என்பதைப் பாகம் பாகமாகப் பார்ப்போம்.

எந்த வருடத்து வண்டி

பட்ஜெட்காரர்களுக்கு ஏற்றது 1967-ன் கடைசியில் இரண்டாம் பதிப்பாக வந்த மார்க் 2 முதல் 1974 வரையிலான குரோம் பம்பர் வண்டி. நாலு கியருக்கும் சிங்க்ரோ, அதாவது பல் உரசாமல் கியர் விழும் அமைப்பு, உண்டு. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது, பேட்டரியின் பாசிட்டிவ் முனையைப் பாடியோடு இணைக்கும் பாசிட்டிவ் எர்த் போய் நெகட்டிவ் எர்த் வந்துவிட்டது. இன்ஜினும் கிராங்க் தண்டைத் தாங்க 5 மெயின் பேரிங் கொண்டது. 1962 முதல் 1964 வரை வந்த 3 பேரிங் இன்ஜின் இன்னும் துள்ளலாக ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து வண்டிக்கே உரிய சில்லறைப் பாகங்கள், உதாரணத்துக்கு 1965 வரை இருந்த இழுத்துத் திறக்கும் கதவுக் கைப்பிடி, தேடிக் கண்டுபிடிக்கும்போது விழி பிதுங்கும்.

1974-ன் கடைசியிலிருந்து வந்த ரப்பர் பம்பர் வண்டி மலிவாகக் கிடைக்கும். பலர் அதை வாங்கி குரோம் பம்பர் மாட்டிவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது கம்பெனி கண்டிஷன் ஆகாது. அந்த வண்டிகளை ஆலையே ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் உயர்த்தி அனுப்பியது. சஸ்பென்ஷனும் அதற்கேற்ப மாறியது. ரப்பர் பம்பர் வண்டியை ரப்பர் பம்பர் வண்டியாகவே மீட்பதுதான் நேர்மை. செலவும் குறைவு.

ரோட்ஸ்டரா, ஜி.டி.யா என்ற கேள்வியில் எங்கள் ஓட்டு ஜி.டி.க்கு. 1965-ல் வந்த இந்தக் கூரை போட்ட வண்டியில், கூரையே பாடியின் விறைப்பைத் தாங்குகிறது. அடிப்பகுதித் தகட்டை வெட்டும்போது பாடி வளையும் ஆபத்து குறைவு. மடக்கு ஹூட் என்ற செலவும் இல்லை. இருந்தும் எல்லாரும் ரோட்ஸ்டரைத்தான் தேடுகிறார்கள், அதனால் ஜி.டி. விலை குறைவாகவே நிற்கிறது.

வாங்குமுன் வண்டி எண்ணைப் படியுங்கள். ஜி.எச்.என்.3 என்று தொடங்கினால் மார்க் 1 ரோட்ஸ்டர், ஜி.எச்.டி.3 என்றால் அதே காலத்து ஜி.டி. இன்ஜின் எண் 18ஜி. அல்லது 18ஜி.ஏ. என்றிருந்தால் 3 பேரிங், 18ஜி.பி. முதல் 5 பேரிங். இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம், ஆலைப் பதிவேட்டைப் பார்த்து வண்டி என்று கட்டப்பட்டது, எந்த நிறத்தில், எந்த நாட்டுக்குப் போனது என்று சான்றிதழ் தருகிறது. பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே இதை வாங்கிவிடுங்கள். சிவப்பு என்று நினைத்துச் சிவப்படித்த பிறகு, பிறக்கும்போது வெள்ளை என்று தெரியவந்தால் வயிறு எரியும்.

இன்ஜின் ஓடாத, தகடு திடமான வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். இன்ஜின் மணி மாதிரி ஓடி, தகடு செத்த வண்டி வேண்டவே வேண்டாம்.

சில் தகடு: இங்கேதான் பணம் போகும்

எம்.ஜி.பி.க்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் சில் என்ற பெட்டித் தகடுதான் வண்டியின் முதுகெலும்பு. வெளியே தெரியும் தகடு ஒன்று. அதற்கு உள்ளே செங்குத்தாக நிற்கும் தடுப்புத் தகடு ஒன்று. அதற்கும் உள்ளே உள்சில். அடியில் கோட்டை மதில் மாதிரி மேடும் பள்ளமுமாக ஓடும் ஒரு பட்டை. இங்கிலீஷ்காரர்கள் அதைக் 'காஸில் ரயில்' என்றே அழைக்கிறார்கள். இந்த நாலும் சேர்ந்தால்தான் பெட்டி. வெளித்தகட்டை மட்டும் புதிதாக ஒட்டி விற்கும் வண்டிகள்தான் சந்தையில் அதிகம்.

துரு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் எங்கே பார்ப்பது என்றும் தெரியும். முன் மட்கார்டுக்குள், சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடு இருக்கிறது. அதன் விளிம்பு ரப்பர் சில வருடத்தில் இற்றுவிடும். சக்கரம் வாரியடிக்கும் சேறு அந்த இடுக்கில் போய்ச் சேர்ந்து ஈரமாகவே கிடக்கும். மேலே மட்கார்டின் முதுகில் கொப்புளம் கிளம்பும், கீழே சில்லின் முன்முனை கரைந்துபோகும். மட்கார்டின் மேல்பக்கத்தில் சின்னக் கொப்புளம் தெரிந்தாலே கீழே என்ன கோலம் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சோதனை எளிது. முதலில் கதவின் பின்விளிம்பு இடைவெளியைப் பாருங்கள். மேலே ஒடுங்கி, கீழே அகன்றிருந்தால் பாடி நடுவில் தொய்ந்துவிட்டது. அடுத்து ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, கதவைத் திறந்து மூடுங்கள். தூக்கிய நிலையில் கதவு இடித்தால் சில் பாரம் தாங்கவில்லை. பிறகு தரையில் படுத்து, சில்லின் அடிவிளிம்பில் தகடுகள் அடுக்காகச் சேரும் கோடு தெரிகிறதா, தண்ணீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வழவழவென்று கறுப்புப் பூச்சு மட்டும் தெரிந்தால், அடியில் பட்டியும் பழைய செய்தித்தாளும் இருக்க வாய்ப்புண்டு. ஒரு சின்னக் காந்தம் அத்தனை உண்மையையும் சொல்லிவிடும். ஆனால் முற்கால வண்டிகளின் பானெட்டில் காந்தம் ஒட்டாவிட்டால் பதற வேண்டாம், அது அலுமினியம். பெயின்ட் உரிக்கக் காஸ்டிக் தொட்டியில் மட்டும் அதைப் போட்டுவிடாதீர்கள், கரைந்துவிடும்.

வேலை இப்படி. வண்டியின் பாரம் முன்சஸ்பென்ஷன் வழியாகவும் பின் ஆக்ஸில் வழியாகவும்தான் ஸ்டாண்டில் இறங்க வேண்டும். நடுவில் முட்டுக் கொடுத்து சில்லை வெட்டினால், வெல்டிங் முடிந்து இறக்கும்போது வண்டி வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கும், கதவு பிறகு எந்த ஜென்மத்திலும் சேராது. கதவு இடைவெளியைச் சரிசெய்த பிறகு, கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயை ஒன்று நேராகவும் ஒன்று குறுக்காகவும் வண்டியின் உள்பக்கமாகப் பற்றவையுங்கள். உள்பக்கம் என்பது முக்கியம், வேலை நடுவில் கதவை மாட்டிப் பார்க்க வழி வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். இரண்டு பக்கமும் வெட்டிப் போட்ட ரோட்ஸ்டர், தகடு விலைக்குப் போகும் இரும்புதான்.

முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின் மட்கார்டின் கீழ்முனை, கதவுக்குப் பின்னால் நாயின் பின்னங்கால் மாதிரி வளைந்திருக்கும் பகுதி, சில்லின் மேல் ஏறி நிற்கிறது. அதை வெட்டாமல் முழு சில்லையும் மாற்ற முடியாது. வெட்டத் தயங்குபவர்கள்தான் பாதி சில் போட்டு ஏமாறுகிறார்கள். ஆலை வைத்த ஸ்பாட் வெல்டுகளை 8 மில்லிமீட்டர் ஸ்பாட் வெல்ட் கட்டரால் மேல்தகட்டை மட்டும் துளைத்துப் பிரியுங்கள். உளியால் நெம்பினால் அடித்தகடு கிழியும், அதை ஒட்டுப்போட இன்னொரு நாள் போகும்.

காஸில் ரயில் முதலில், நடுத்தகடு அடுத்து, வெளித்தகடு கடைசி. வெளித்தகட்டைக் கிளாம்பிலும் திருகாணியிலும் நிறுத்தி, கதவை மாட்டி, முன் மட்கார்டை மாட்டி, இடைவெளி பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமை இழந்தவர்களின் வண்டியைப் பத்தடி தூரத்திலேயே அடையாளம் காணலாம். மிக் வெல்டரில் 0.6 மில்லிமீட்டர் கம்பி போதும். மேல்தகட்டில் 25 முதல் 40 மில்லிமீட்டருக்கு ஒன்றாக 6 மில்லிமீட்டர் துளை போட்டு, அதற்குள் வெல்டை நிரப்பித் தேய்த்துவிட்டால் ஆலை ஸ்பாட் வெல்டின் சாயல் வந்துவிடும். சேரும் முகங்களில் துத்தநாகப் பிரைமர் அடித்துவிட்டுச் சேருங்கள். ஒரே மூச்சில் ஓட்டாமல் அங்கொன்று இங்கொன்றாக வைத்தால்தான் தகடு சூட்டில் முறுக்காது.

தகட்டுக்கு எங்கள் மதிப்பெண்: பழைய அச்சில் அடித்த ஹெரிட்டேஜ் தகடு தேறும், கொஞ்சம் தட்டினால் பொருந்திவிடும். பெயரில்லாத மலிவு சில்லின் கதவு வளைவு பொருந்துவதில்லை, மடிப்பும் குட்டையாக இருக்கிறது. மிச்சம் பிடித்த காசு அதைத் தட்டி நேராக்கும் நேரத்தில் கரைந்துபோகும். முழு பாடிக்கூடு? பற்றவைக்கக் கூலிக்கு ஆள் வைப்பவர்களுக்கு, இரண்டு சில், தரைத்தகடு, நாலு மட்கார்டு எல்லாம் போன வண்டி என்றால், கணக்குப் போட்டால் கூடே லாபமாக வரலாம். தானே பற்றவைப்பவர்களுக்குத் தேவையில்லை. கூடு மாற்றினால் வண்டியின் அடையாளம் குறித்துப் பதிவு அலுவலகம் கேட்கும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தேடிக்கொள்ளவும் வேண்டும்.

சில் தவிர, பின் ஸ்பிரிங் தொங்கும் இடம், சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில் உள்ள பேட்டரிப் பெட்டிகள் இரண்டையும் பாருங்கள். குரோம் பம்பர் வண்டிகளில் அங்கே இரண்டு 6 வோல்ட் பேட்டரி. ஆசிட் சிந்திப் பெட்டி ஓட்டையாகி, பேட்டரி காற்றில் தொங்கும் வண்டிகளும் உண்டு.

இன்ஜின்: பிரிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின் எளிதில் சாகாது. சூடான இன்ஜினில் ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ.க்குக் குறையாமல், ஐடிலில் 15-க்கு மேல் நின்று, நாலு சிலிண்டர் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அடிப்பகுதியைத் தொடவே வேண்டாம். ஹெட்டைக் கழற்றி, வால்வைத் தேய்த்து, எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய சீட் வளையம் போட்டால் ஈயமில்லாப் பெட்ரோலுக்கும் வழி பிறந்துவிடும். ஹெட்டை லேத்துக்குக் கொடுக்கும்போதே வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஹெட்டின் பழைய நோய் அது.

ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், 45 முதல் 50 அடி-பவுண்டு வரை இறுக்குங்கள். டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுத் தண்டின் மேல் விடும் சந்து, குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம். எட்டு வால்வுக்கும் ஒன்பது என்ற கணக்கை நினைவில் வைத்தால் போதும்: எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்யலாம், ஏழாவது திறந்திருக்கும்போது இரண்டாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 9. புதுக் கேம்ஷாஃப்ட் போட்டால் புது டாப்பெட்டும் கட்டாயம். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2000 சுற்றில் 20 நிமிடம் ஓட்டுங்கள். துத்தநாகக் கலவை உள்ள 20டபிள்யூ-50 மினரல் ஆயிலே இதற்குச் சரி. இக்காலச் சன்னமான ஆயில் கேம் மூக்கைத் தின்றுவிடும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழி எம்.ஜி.பி. கிளட்ச்சுக்காகவே சொன்னது போல இருக்கும். கிளட்ச் தட்டை மாற்ற இன்ஜினையே வெளியே தூக்க வேண்டும். ஆகவே எந்தக் காரணத்துக்காக இன்ஜின் வெளியே வந்தாலும் கிளட்ச் தட்டு, கவர், கார்பன் ரிலீஸ் பேரிங், 5 பேரிங் இன்ஜின் என்றால் பின்பக்க ஆயில் சீல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுங்கள். பழையது இன்னும் ஓடுமே என்று பார்த்தால் இரண்டாம் சுமைகூலி நிச்சயம்.

நிறமும் கவனிக்க வேண்டியது. முற்கால இன்ஜின் கருஞ்சிவப்பு, பிற்கால 18வி. இன்ஜின் கறுப்பு. பளிச்சென்ற சிவப்பு ஸ்பிரே வாங்கி அடித்தால் விவரம் தெரிந்தவர் பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிடுவார்.

எஸ்.யு. கார்புரேட்டர்: புது ஜோடி வேண்டாம்

முற்கால வண்டிகளில் கம்பெனி மாட்டிய எஸ்.யு. எச்.எஸ்.4 கார்புரேட்டர் ஜோடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கம்பெனியின் ஒற்றை வெபர் மாட்டுவதை ஒரு நோய் என்றே சொல்லலாம். எஸ்.யு.வில் கெடுவது பெரும்பாலும் ஒன்றே ஒன்று: திராட்டில் தண்டு ஓடும் துளை. இன்ஜின் ஐடிலில் ஓடும்போது தண்டின் இரு முனையிலும் கார்ப் கிளீனர் தெளித்துப் பாருங்கள். சுற்று மாறினால் அங்கே காற்று உள்ளே போகிறது. எவ்வளவு டியூன் செய்தாலும் ஐடில் நிற்காது, ஆளாளுக்கு ஜெட்டைத் திருகிக் குழப்பத்தைப் பெருக்குவார்கள். பலமுறை புதுத் தண்டு மட்டுமே போதுமாக இருக்கும். துளையே நீள்வட்டமாகிவிட்டால் பெரிதாகத் துளைத்துப் புஷ் என்ற உள்வளையம் போட வேண்டும்.

பிரிக்கும்போது ஒரு கவனம். மேல்கிண்ணமும் அதற்குள் ஓடும் பிஸ்டனும் ஜோடியாகவே பொருத்தி வந்தவை. இரண்டு கார்புரேட்டரின் கிண்ணத்தை மாற்றிப் போட்டால் பிஸ்டன் சிக்கும். உள்ளே எமரித் தாள் படவே கூடாது, திரவத்தால் மட்டும் துடைக்க வேண்டும். சரியாகச் சேர்த்தால் விரலால் தூக்கிவிட்ட பிஸ்டன் 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு விழும். அந்தச் சத்தம் வராவிட்டால் ஜெட் மையத்தில் இல்லை. ஊசி அசையாமல் நிற்கும் பழைய வண்டிகளில் அதை மையப்படுத்தியாக வேண்டும், பின்னால் வந்த ஸ்பிரிங் ஊசியில் அந்த வேலையில்லை. ஊசியின் தோள் பிஸ்டன் முகத்தோடு சமமாக நிற்க வேண்டும். ஜெட்டை முழுக்க மேலேற்றி, அங்கிருந்து ஜெட் நட்டின் 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்கினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். மேல்கிண்ணத்தின் உச்சியில் உள்ள டாஷ்பாட்டில் ஊற்றும் ஆயில் உள்ளே இருக்கும் தண்டின் முனைக்கு அரை அங்குலம் மேலே நின்றால் சரி.

கேஸ்கெட், ஜெட், ஊசி, தண்டு கிட்: நல்லவர்கள் தயாரித்தது தேறும்.

இக்னிஷன், வயரிங்

வண்டியோடு வந்த லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது பிளக்குகளுக்கு ஸ்பார்க் பிரித்துத் தரும் பாகத்தை, விடாதீர்கள். புஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, அட்வான்ஸ் ஸ்பிரிங்குகளைத் துடைத்து எண்ணெய் விட்டால் இன்னும் பல வருடம் ஓடும். பிளாட்டினம் என்ற கான்டாக்ட் பாயின்ட்டின் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், பிளக் 0.025, ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

ஆனால் அதற்குள் சுழன்று ஸ்பார்க்கைப் பங்கிடும் ரோட்டாரில் மலிவானதும் கண்டென்சரும் இந்த வண்டிக்காரர்களின் பெருஞ்சாபம். ரோட்டாரின் பித்தளை இதழை இறுக்கும் ரிவெட், அடியில் உள்ள ஸ்பிரிங் கிளிப்புக்கு மிக அருகே வந்துவிடுகிறது. நடுவில் சன்ன பிளாஸ்டிக்தான் காப்பு. ஸ்பார்க் அதைத் துளைத்துக்கொண்டு தண்டுக்கு ஓடிவிடும், வண்டி சூடானதும் நடுரோட்டில் நிற்கும். ஆறியதும் ஒன்றும் தெரியாத மாதிரி ஸ்டார்ட் ஆகும், ஆளைப் பைத்தியமாக்க இது போதும். ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டாரைக் கேட்டு வாங்குங்கள். பழைய ரோட்டார் வேலை செய்துகொண்டிருந்தால், அதையே சுத்தம் செய்து போட்டு, புதியதை டேஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொள்வதே புத்தி.

மூடிக்குள் ஒளியும் எலக்ட்ரானிக் மாட்யூல் வெளியே தெரியாது. போடலாம், ஆனால் முற்கால வண்டி என்றால் பாசிட்டிவ் எர்த் மாடலைத்தான் வாங்க வேண்டும். தவறி மற்றதை மாட்டினால் சாவியைத் திருப்பிய நொடியே புகை.

வண்டியின் மொத்த வயர்க் கட்டான வயரிங் ஹார்னஸைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொத்தப் பட்டியலில் காசுக்கு மிகத் தகுதியான புதுப் பாகம் அதுதான். காலத்துக்கேற்பத் துணி பின்னியதா, பி.வி.சி. சுற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். நிறங்கள் ஆலை போட்டவையே: பழுப்பு பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன் சாவி வழியாக, பச்சை அதிலிருந்து ஃபியூஸ் வழியாக, ஊதா எப்போதும் ஃபியூஸோடு உயிருள்ளது, சிவப்பு சைடு லைட், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். இந்த வரியை நினைவில் வைத்தால் வரைபடம் பாதி தேவையில்லை. பழைய வண்டிகளில் லைட் மங்குவதற்கு ஹார்னஸைக் குறை சொல்வதற்கு முன், புல்லட் கனெக்டரையும் எர்த் போல்ட்டையும் உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள். பாதி வண்டிக்கு அதுவே மருந்து.

பிரேக்கும் சஸ்பென்ஷனும்

இங்கே ஒரிஜினல் என்ற பிடிவாதம் வேண்டாம். ஹோஸ், சீல், பைப் எல்லாம் புதிது. 'பழைய ஸ்டாக், பிரிக்காத பெட்டி' என்று வரும் ரப்பர் ஹோஸை வாங்கவே கூடாது, பெட்டிக்குள்ளேயே ரப்பர் கிழடாகிவிடும். ஆலை எஃகுக் குழாய்தான் போட்டது. நாங்கள் செம்பு-நிக்கல் குழாயைத்தான் சொல்வோம். துருப்பிடிக்காது, கையால் வளையும். காலிப்பரைப் பிரித்து ஸ்டெயின்லெஸ் பிஸ்டனும் புது சீலும் போட்டால் பழைய காலிப்பரே போதும். பின்சக்கர சிலிண்டரைத் தட்டில் பிடிக்கும் வட்டக் கிளிப் மட்டும் பொறுமையைச் சோதிக்கும். அதற்குச் சரியான அளவு சாக்கெட்டை வைத்து, கிளாம்பால் மெல்ல அழுத்திப் பொருத்துவதுதான் வழி.

முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குக் கிட் வாங்கித் தானே போடலாம் என்று எண்ணுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். புது புஷ்களை அழுத்திய பிறகு, மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில், துளையை அளவாகச் செதுக்கும் ரீமர் விட வேண்டும். அந்த ரீமர் யாரிடமும் இருக்காது. பழையதைக் கொடுத்து, பழுதுபார்த்த முழு ஸ்டப் ஆக்ஸிலை வாங்குவதே மலிவு. முன்சஸ்பென்ஷன் முழுவதும் ஒரு குறுக்குச் சட்டத்தில் நிற்கிறது. நாலு போல்ட்டைக் கழற்றினால் மொத்தமும் கீழே வந்துவிடும், மேசையில் வைத்து வேலை பார்க்கலாம்.

ஆர்ம்ஸ்ட்ராங் நெம்புகோல் டாம்பரை, அதாவது ஷாக் அப்சார்பரை, கழற்றிவிட்டு டெலஸ்கோப் டாம்பர் போடும் ஆசை பலருக்கு உண்டு. கம்பெனி கண்டிஷன் என்றால் கூடாது. பழுதுபார்த்தது என்று வாங்கும்போது டாம்பரின் நெம்புகோல் கையைப் பிடித்து முழு வீச்சுக்கு மேலும் கீழும் அசையுங்கள். எதிர்ப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் வெறுமையாகப் போனால், அது பெயின்ட் அடித்து ஆயில் மாற்றியது மட்டுமே.

கதவு ரப்பர், ரப்பர் புஷ்: மலிவில் வருபவை தேறாது. கதவு ரப்பர் தடித்துப்போய்க் கதவை மூட உதைக்க வேண்டியிருக்கிறது. டை ராட் முனை ரப்பர் ஒரு வருடத்திலேயே வெடிக்கிறது.

பழைய போல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

வண்டியின் பெரும்பாலான போல்ட்கள் யு.என்.எஃப்., யு.என்.சி. என்ற அங்குல அளவு மரை. அங்குல ஸ்பேனர் செட் ஒன்று வேண்டும். லூகாஸ் பாகங்களுக்குள் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் சிறு மரையும் வரும், அதைக் கட்டாயப்படுத்தி மெட்ரிக் திருகாணியை ஏற்றினால் மரை சிதையும். ஆலை போட்ட போல்ட் தலையில் தயாரிப்பாளர் முத்திரை இருக்கும். கம்பெனி கண்டிஷன் பார்க்க வருபவர்கள் அதைத்தான் முதலில் குனிந்து பார்ப்பார்கள். இடம்வாரியாகப் பையில் கட்டி எழுதி வையுங்கள்.

துரு நீக்க மலிவான முறை மின்பகுப்பு. பிளாஸ்டிக் வாளியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பழைய இரும்புத் தகட்டை பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ்விலும், துருப்பிடித்த பாகத்தை நெகட்டிவ்விலும் கட்டுங்கள், இரண்டும் தொடக்கூடாது. இரவு முழுக்க விட்டால் காலையில் கறுப்புப் பொடியாக உதிரும். ஸ்டெயின்லெஸ் தகட்டைப் பாசிட்டிவ்வில் கட்டவே கூடாது, நச்சுக் குரோமியம் கரையும். அலுமினியப் பாகம் இதில் போடக்கூடாது. ஸ்பிரிங், உயர்வலிமை போல்ட் ஆகியவையும் வேண்டாம், ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும். வெளிவரும் வாயு எரியக்கூடியது, ஜன்னல் திறந்திருக்கட்டும். சுத்தமானதும் மொத்தமாகத் துத்தநாக முலாம் பூசக் கொடுத்துவிட்டால், புது போல்ட் செட் வாங்கும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும்.

குரோம், பெயின்ட், உள்வேலை

பம்பருக்கு மறுபடி குரோம் பூசுவதில் காசு போவது குரோமுக்கு அல்ல, அதற்கு அடியில் செம்பு ஏற்றிப் பாலிஷ் போடும் கூலிக்கு. அந்தக் கூலியை மிச்சம் பிடிப்பவர் பூசிய குரோம் சீக்கிரம் உரியும். புதுப் பிரதிப் பம்பர் சன்னமாக இருக்கும், தட்டினால் சத்தமே சொல்லிவிடும். நல்ல நிலையில் உள்ள பழைய பம்பரைத் தேடுவதுதான் லாபம். வார்ப்புத் துத்தநாகப் பாகங்களில் குழி விழுந்துவிட்டால் பூசி மீட்பது கடினம், இருப்பதில் நல்லதாக வேறொன்று தேடுங்கள்.

பெயின்டில்தான் எல்லாரும் அத்துமீறுகிறார்கள். வெள்ளை, சிவப்பு போன்ற தனி நிறங்களுக்கு மேல் கண்ணாடி மாதிரிக் கிளியர் கோட் அடித்தால், வண்டி ஆலையிலிருந்து வந்த மாதிரி இராது, பொம்மைக் கடையிலிருந்து வந்த மாதிரி இருக்கும். ஒற்றைப் பூச்சுப் பெயின்டே சரியான தோற்றம், அதற்குச் செலவும் குறைவு. கடினமாக்கியைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்டில் ஐசோசயனேட் என்ற நச்சுப் பொருள் உண்டு. சாதாரண மாஸ்க் போதாது, வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் இல்லாமல் வீட்டில் அடிக்கவே வேண்டாம். சில்லுக்குள் மெழுகு தெளிப்பது பெயின்ட் காய்ந்த பிறகுதான். முன்னால் தெளித்தால் மெழுகு வழிந்து பெயின்ட் ஒட்டாது.

சீட் உறை, கார்பெட், கதவு அட்டை எல்லாம் கிட்டாகவே வருகிறது, பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. வருடத்துக்கேற்ற தையல் கோடு பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

வயர் வீல் வண்டி என்றால் ஹப் பல்லைப் பாருங்கள். பிரேக்கை மிதித்தபடி சக்கரத்தை முன்பின் ஆட்டினால் ஆட்டம் தெரியக்கூடாது. தேய்ந்த பல்லோடு புதுச் சக்கரம் மாட்டினால் புதுச் சக்கரமும் சேர்ந்து தேயும். பல்லில் கிரீஸ் தடவி, சக்கரத்தை நடுவில் பிடிக்கும் ஸ்பின்னர் நட்டைச் சுத்தியலால் இறுக்கி, முதல் 50 மைலில் ஒருமுறை மீண்டும் தட்டுங்கள். லீஃப் ஸ்பிரிங் புஷ் போல்ட்களையும் சஸ்பென்ஷன் புஷ் நட்டுகளையும் வண்டி தரையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி முறுக்கு இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுகியே நின்று, சில மாதத்தில் கிழியும். 500 மைல் ஓடியதும் ஆறிய இன்ஜினில் ஹெட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்த்து, டாப்பெட்டை 0.015-க்குத் திரும்ப வையுங்கள்.